செவியில் ஒளிந்த தாடை

உங்கள் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நெற்றிப்பொட்டில் வைத்துக்கொண்டு பற்களை இறுக்கிக் கடியுங்கள். விரலுக்கடியில் ஒரு தசை புடைக்கும். இப்போது விரல்களைக் கீழே இறக்கி, காதுத் துவாரத்தை ஒட்டி முன்பக்கமாக வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். தாடை மூட்டு அங்கே அசையும். தாடைத் தசை ஏன் நெற்றிப்பொட்டு வரை ஏறி நிற்கிறது? மெல்லும் மூட்டும் கேட்கும் துவாரமும் ஏன் இப்படி ஒன்றையொன்று உரசிக்கொண்டு இருக்கின்றன? டைனோசர்களுக்கும் பல கோடி ஆண்டுகள் முந்திய ஒரு விலங்குக் கூட்டத்தைப் பார்க்காமல் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்ல முடியாது.

சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்று நாம் வெட்டியெடுக்கும் நிலக்கரி பச்சைக் காடாக நின்ற காலத்தில், தண்ணீரை நம்பாமல் தரையிலேயே முட்டையிடும் விலங்குகள் தோன்றின. அந்தக் குலம் விரைவிலேயே இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளையில் ஓணான், பாம்பு, ஆமை, முதலை, டைனோசர், டைனோசர் வழியே வந்த கோழியும் காகமும். மறு கிளையில் யானை, மூஞ்சூறு, வௌவால், திமிங்கிலம், நீங்கள், நான். இந்த இரண்டாம் கிளையின் பெயர் சினாப்சிட். 1903-ல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஹென்றி ஃபேர்ஃபீல்டு ஆஸ்போர்ன் இட்ட பெயர் அது.

கிளையின் அடையாளம் எளிமையானது. கண்குழிக்குப் பின்னால், மண்டையோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு திறப்பு. ஓணான், முதலை வகையறாவுக்கு அங்கே அடிப்படையில் இரண்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், உள்ளே குடைந்துபோய்க் கல்லான மரத்தண்டுகளுக்குள் ஆர்க்கியோதைரிஸ் என்ற விலங்கு கிடைத்தது. வயது ஏறத்தாழ 30.6 கோடி ஆண்டுகள். உயிரோடு பார்த்திருந்தால் யாரும் அதைப் பல்லி என்றே சொல்லியிருப்பார்கள். ஆனால் மண்டையோட்டில் அந்த ஒற்றைத் திறப்பு இருக்கிறது. தாடைத் தசை இடம்பிடித்துப் புடைத்துக்கொள்ள அந்தத் திறப்பு வழிவிட்டது. நெற்றிப்பொட்டில் உங்கள் விரலுக்கடியில் அசைந்த தசை அந்த வழியாகத்தான் இன்னும் போய்வருகிறது. பழைய பாடநூல்கள் ஆதிச் சினாப்சிட்களைப் பாலூட்டி போன்ற ஊர்வன என்று வகைப்படுத்தின. ஊர்வனவற்றிலிருந்து கிளைத்தவை அல்ல, பங்காளிகள் மட்டுமே என்பது தெளிவானதும் அந்த வகைப்பாடு கைவிடப்பட்டது.

இக்கிளையின் பழங்கால விலங்குகளில் உலகப் புகழ் பெற்றது டைமெட்ரோடான் ஒன்றுதான். அதுவும் தவறான காரணத்துக்காக. பிளாஸ்டிக் டைனோசர் பொம்மைப் பொட்டலங்களில், முதுகில் பாய் விரித்தபடி ஒன்று நிற்குமே, அதுதான். டைனோசர்களோடு அதற்கு எந்த ஒட்டும் இல்லை, உறவு மிகத் தூரம். 1878-ல் எட்வர்ட் டிரிங்கர் கோப் பெயரிட்ட இந்த விலங்கு, அமெரிக்காவின் டெக்சாஸ், ஓக்லஹாமா பகுதிகளின் செந்நிறப் பாறைகளில் ஏராளமாகக் கிடைக்கிறது. ஏறத்தாழ 29.5 கோடி முதல் 27 கோடி ஆண்டுகள் முன்பு வரை வாழ்ந்தது. முதல் டைனோசர் வருவதற்கு அதன்பின் குறைந்தது இரண்டரைக் கோடி ஆண்டுகள் ஆயின. அதன் வாயில் எல்லாப் பல்லும் ஒரே அளவில் இல்லை. முன்னால் நீண்டு குத்தும் பற்கள், பின்னால் சிறியவை. முதலையின் வாயில் காணாத, நாயின் வாயில் நாம் பார்த்துப் பழகிய வேலைப் பிரிவினையின் தொடக்கம் அங்கே தெரிகிறது. முதுகுப் பாய் வெயிலில் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளத்தான் என்று வெகுகாலம் எழுதினார்கள். உடல் பெருகும் வேகத்தைவிடப் பாய் பெருகும் வேகம் அதிகம் என்பதால், இணையைக் கவரும் பகட்டுக்காக என்ற கருத்து இப்போது வலுத்திருக்கிறது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. மயிலுக்குத் தோகை எதற்கு என்று வெப்பக் கணக்கு போடுவோர் யாருமில்லை.

டெக்சாஸை விட்டு இனி தென்னாப்பிரிக்காவுக்குப் போகவேண்டும். இந்தக் கதையின் பெரும்பகுதி கரூ என்ற வறண்ட பீடபூமியில் எழுதப்பட்டிருக்கிறது. அதை முதலில் படிக்கத் தொடங்கியவர் விஞ்ஞானி அல்ல. ஆண்ட்ரூ கெடஸ் பெயின் ஸ்காட்லாந்தில் பிறந்து, குதிரைச் சேணம் தைத்து, பிறகு மலைச்சாலை போடுபவராக ஆனவர். புவியியலில் அவருக்கு ஆசிரியர் சார்லஸ் லையெலின் புத்தகம் மட்டுமே. 1838-ல் ஃபோர்ட் பியூஃபோர்ட் அருகே சாலைக்காகப் பாறையை வெட்டும்போது எலும்புகள் கண்ணில்பட்டன. மேல் தாடையில் இரண்டே இரண்டு தந்தங்கள் துருத்திய மண்டையோடுகளை அவர் சேர்த்துவைத்தார். லண்டனுக்கு அனுப்பிய பெட்டிகளைப் பிரித்த ரிச்சர்ட் ஓவன் 1845-ல் அந்த விலங்குக்கு டைசினோடான் என்று பெயரிட்டார். டைனோசர் என்ற சொல்லை அதற்கு மூன்றாண்டுகள் முன் உருவாக்கியவரும் அதே ஓவன்தான்.

பெயினுக்குப் பின் வந்த இருவரைச் சொல்லாமல் கரூவைக் கடக்க முடியாது. ராபர்ட் புரூம் ஸ்காட்லாந்து மருத்துவர். பிழைப்புக்கு வைத்தியம், மற்ற நேரமெல்லாம் எலும்பு. பாலூட்டிகளை நோக்கி வந்த இந்த இடைக்காலக் கூட்டத்துக்கு 1905-ல் தெராப்சிட் என்று பெயரிட்டவர் அவரே. மண்டையோடு ஒன்று கையில் சிக்கினால் புது இனம் என்று அறிவிக்காமல் விடமாட்டார். அவர் வைத்த பெயர்களில் பல பின்னால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுக் காணாமல் போயின. ஆனாலும் அவர் கண்டுகொண்ட பெருங்கோடு அப்படியே நிற்கிறது. மற்றவர் ஜேம்ஸ் கிட்சிங். நியூ பெதெஸ்டா என்ற சிற்றூரில், எலும்பு தேடும் குடும்பத்தில் வளர்ந்தவர். கல்லூரிப் படிப்பு இல்லாமலே 1945-ல் ஜோஹனஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, நடந்துகொண்டே எலும்பைக் கண்டுபிடிக்கும் கண்ணால் உலகப் பெயர் பெற்றார்.

இவர்கள் தோண்டியெடுத்த பெர்மியன் கால உலகில் மேய்ந்ததும் சினாப்சிட், வேட்டையாடியதும் சினாப்சிட். தந்தமும் ஆமை அலகும் கொண்ட டைசினோடான் வகைகள் தழை தின்றன. டீக்டோடான் என்ற சின்ன இனம் திருகுச் சுழலாக வளைகள் தோண்டி, அடியில் வாழ்ந்தது. எலும்புக்கூடு உள்ளேயே இருக்கும் வளைகள் கிடைத்திருக்கின்றன. வேட்டைக்குக் கோர்கனாப்சிட்கள். ரஷ்யாவின் வடக்கு துவினா ஆற்றங்கரையில் விளாதிமிர் அமாலிட்ஸ்கி தோண்டிய இனோஸ்டிரான்சேவியா மூன்று மீட்டர் நீளம், கத்தி போன்ற கோரைப்பற்கள். கத்திப்பல் பூனைகள் வருவதற்கு இருபது கோடி ஆண்டுகளுக்கும் மேல் முன்பே அந்த ஆயுதம் நம் கிளையில் ஒருமுறை வந்துபோய்விட்டது. நம் நாட்டிலும் இவை உண்டு. தெலங்கானாவின் பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்த ஒரு தழையுண்ணிக்கு எண்டோதியோடான் மகலனோபிசி என்று பெயர். அதே பள்ளத்தாக்கின் இளைய பாறைகளிலிருந்து வந்த வேறொன்று எக்ஸெரெடோடான் ஸ்டாட்டிஸ்டிகே. புள்ளியியலுக்கும் புதைபடிவத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ், எலும்பை அளப்பதும் அளவியலே என்று கருதி, பமேலா ராபின்சன் என்ற பிரிட்டிஷ் தொல்லுயிரியலாளரை 1950களில் அழைத்துவந்தார். புவியியல் பிரிவு அப்படித்தான் அங்கே வேரூன்றியது.

சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த உலகம் முடிந்தது. சைபீரியாவில் நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு வழிந்துகொண்டே இருந்தது, காற்றில் கரியமில வாயு ஏறியது, வெப்பம் ஏறியது, கடல் மூச்சடைத்தது. கடல்வாழ் இனங்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் ஒழிந்தன. நிலத்தில் கோர்கனாப்சிட்கள் முற்றிலும் அழிந்தன. நம் நாட்டின் தாமோதர் பள்ளத்தாக்கில் இந்த முடிவைப் பாறையிலேயே பார்க்கலாம். ராணிகஞ்ச் சுரங்கங்களின் நிலக்கரி அடுக்குகள் பெர்மியன் காலத்தவை. அவற்றின்மேல் படிந்த பாஞ்சேத் பாறைகளில் நிலக்கரி இல்லை. கரியாக மாறும் அளவுக்குக் காடு எங்குமே மிஞ்சவில்லை. உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு நிலக்கரி உருவாகவே இல்லை.

அந்தக் கரியில்லாப் பாஞ்சேத் பாறைகளில் லிஸ்ட்ரோசாரஸ் கிடைக்கிறது. பன்றி உடம்பில் ஆமை வாயைப் பொருத்தி, இரண்டு தந்தங்களைச் செருகினால் அதன் உருவம் வந்துவிடும். அழகு கிடையாது, வேகம் கிடையாது. ஆனால் பேரழிவுக்குப் பிந்திய கரூவின் சில அடுக்குகளில் கிடைக்கும் நிலவாழ் முதுகெலும்பிகளில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது இதுதான். சீனாவிலும் ரஷ்யாவிலும்கூட உண்டு. 1969-ல் அண்டார்க்டிகாவின் கோல்சாக் பிளஃப் என்ற இடத்தில் எட்வின் கோல்பர்ட் உள்ளிட்ட அமெரிக்கக் குழுவுக்கும் இதன் எலும்பு அகப்பட்டது. கடல் நீந்தும் உடம்பல்ல இது. இந்தியா, ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா மூன்றும் ஒரே நிலமாக ஒட்டியிருந்தன என்பதற்கு, அதுவரை தயங்கிக்கொண்டிருந்தவர்களின் வாயையும் அடைத்த சாட்சியாக அது அமைந்தது. மறு ஆண்டே கிட்சிங்கும் அண்டார்க்டிகா போய்த் தன் கரூ நண்பர்கள் பலரை அங்கே சந்தித்தார்.

லிஸ்ட்ரோசாரஸ் ஏன் பிழைத்தது? எலும்பை மெல்லிய சீவலாக அறுத்து வளர்ச்சிக் கோடுகளை எண்ணினால் ஒரு விடை தெரிகிறது. பேரழிவுக்கு முன் வாழ்ந்தவை பதின்மூன்று, பதினான்கு வயது வரை போயிருக்கின்றன. பின் வாழ்ந்தவற்றில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வயதிலேயே இறந்தன. அவ்வளவு சீக்கிரம் சாகும் விலங்கு அதற்குள் குட்டித் தலைமுறையை உருவாக்கிவிட்டால்தான் இனம் நிற்கும். ஆக, சின்ன வயதிலேயே இனம் பெருக்கியது என்பது ஆய்வாளர்களின் முடிவு. இன்னொரு விடை தந்தத்தில் இருக்கிறது. அது வாழ்நாள் முழுக்க வளர்வதால் நாட்குறிப்பாகிவிடுகிறது. 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, அண்டார்க்டிகத் தந்தங்களில் மட்டும், நீண்ட ஓய்வில் வளர்ச்சி நின்று மறுபடி தொடங்கியதைக் காட்டும் தடித்த வளையங்களைக் கண்டது. துருவத்தின் இருண்ட குளிர்காலத்தை அது தூங்கிக் கழித்திருக்கலாம்.

தூக்கம் என்றதும் திரினாக்சோடானைச் சொல்லியாகவேண்டும். பூனை அளவு, ஊன் உண்ணி, தெராப்சிட்களில் சைனோடான்ட் என்ற உட்கிளை. பாலூட்டிகள் கிளைத்தது இந்த உட்கிளையில்தான். கரூவில் கிடைத்து வெகுகாலம் சேமிப்பறையில் கிடந்த, மண் நிரம்பிக் கல்லாகிப்போன ஒரு வளையைப் பிரான்ஸின் கிரனோபிளில் உள்ள சின்க்ரோட்ரான் கதிர்களால் ஊடுருவிப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வெளியானது. உள்ளே ஒரு திரினாக்சோடான்; அதனோடு ஒட்டியபடி, விலா எலும்புகள் முறிந்து ஆறத் தொடங்கியிருந்த நீர்நிலவாழ்வி ஒன்று. கடித்த தழும்பு இல்லை, இழுத்துவந்த தடயமும் இல்லை. வெக்கை தாங்காமல் உறங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அடிபட்ட விருந்தாளி நுழைந்திருக்கிறது. வெள்ளம் வந்து இருவரையும் மூடியிருக்கிறது. 25 கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஒரு மத்தியானத்தை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் வேறு படிவம் எனக்குத் தெரிந்து இல்லை.

இனித் தாடைக்கு வருவோம். டைமெட்ரோடானின் கீழ்த்தாடை ஒற்றை எலும்பு அல்ல. பல் தாங்கும் எலும்பு முன்னால். பின்னால் பல சிறு எலும்புகள். அவற்றில் கடைசியானது, மண்டையோட்டின் மற்றொரு சிறு எலும்போடு சேர்ந்து தாடை மூட்டாக இயங்கியது. இன்றைக்கும் ஓணானுக்கும் கோழிக்கும் தாடை மூட்டு அந்த இரண்டு எலும்புகளுக்கிடையில்தான். நமக்கோ கீழ்த்தாடை ஒரே எலும்பு. அதன் மூட்டும் வேறிடத்தில். அப்படியானால் அந்தப் பழைய இரண்டு எலும்புகள் எங்கே?

விடையைச் சொன்னது புதைபடிவம் அல்ல, பன்றிக் கரு. 1837-ல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் கார்ல் ரைக்கர்ட், பன்றிக் கருக்களை வளர்ச்சிப் படியாக அறுத்துப் பார்த்து, நடுச்செவியின் சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும் தாடைக் குருத்தெலும்பின் கடைக்கோடியில் உருவாவதைக் கண்டார். டார்வினின் நூல் வர இன்னும் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தன. ஓணானின் தாடை மூட்டில் இருக்கும் இரண்டு எலும்புகளே நம் செவிக்குள் இருக்கின்றன. மூன்றாவதான அங்கவடி எலும்பு மட்டும் அவற்றுக்கு முன்பே கேட்கும் வேலையில் இருந்தது. சந்தேகம் இருந்தால் நரம்பைப் பாருங்கள். சுத்தி எலும்பை இழுக்கும் நுண்ணிய தசைக்குப் போகும் நரம்பு, மெல்லும் தசைகளை இயக்கும் நரம்பின் கிளை. அங்கவடியை இழுக்கும் தசைக்கு முக நரம்பு. எலும்புகள் அடுத்தடுத்து இருந்தும் நரம்புகள் தத்தம் பழைய வீட்டு முகவரியை மறக்கவில்லை.

கருவில் சரி, ஆனால் உயிரோடு உலவிய விலங்கில் இது எப்படி நடந்திருக்கும்? தாடை மூட்டு கழன்று காதுக்குப் போகும் நாட்களில் அது எதைக்கொண்டு மெல்லும்? எள்ளலோடு கேட்கப்பட்டாலும் இது நியாயமான கேள்விதான். பதிலைக் கரூ வைத்திருந்தது. சைனோடான்ட் வரிசையில் பல் எலும்பு பின்னோக்கிப் பெருத்துக்கொண்டே போகிறது. தாடைத் தசைகள் அதன்மேல் இடம் மாற, மூட்டின் மீது விழும் சுமை குறைகிறது. சுமை குறைந்ததும் பின் எலும்புகள் சிறுக்கின்றன. சிறுத்த எலும்பு நன்றாக அதிரும். அவை மெல்லுவதற்கு உதவிக்கொண்டே தரையின் அதிர்வையும் காற்றின் ஒலியையும் அங்கவடிக்குக் கடத்தின. 1958-ல் ஆல்ஃபிரட் குரோம்ப்டன் விவரித்த டயார்த்ரோக்னாதஸ் என்ற தென்னாப்பிரிக்கச் சைனோடான்டில் பழைய மூட்டும் அதன் பக்கத்திலேயே புதிய மூட்டும் சேர்ந்து இருந்தன. வேல்ஸ் நாட்டுச் சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளில் கிடைத்த, எலியளவே உள்ள மார்கனுகோடானிலும் அப்படியே. பழையது விலகுவதற்கு முன்பே புதியது வேலையில் சேர்ந்துவிட்டது. மெல்லுதல் ஒரு நாளும் நிற்கவில்லை.

இன்றும் இந்த மாற்றத்தைப் பார்க்க முடியும். தென் அமெரிக்கப் பைவிலங்கான ஒப்போசம் குட்டி, வளர்ச்சி முற்றாமல் பிறந்து தாயின் காம்பைப் பற்றும்போது, புதிய மூட்டு அதற்கு இன்னும் உருவாகியிருப்பதில்லை. செவி எலும்புகளும் தாடைக் குருத்தெலும்போடு ஒட்டியே இருக்கின்றன. கோடி ஆண்டுகளில் நடந்ததைக் குட்டி சில வாரங்களில் நடத்தி முடிக்கிறது.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லவேண்டும். பாடநூல்களில் டைமெட்ரோடான், கோர்கனாப்சிட், திரினாக்சோடான், மார்கனுகோடான் என வரிசையாக நிறுத்தி, கடைசியில் ஓர் எலியையோ மனிதனையோ வரைவார்கள். இவையெல்லாம் பாலூட்டியாகும் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தது போன்ற தோற்றம் வந்துவிடுகிறது. எலும்புகள் சொல்வது அதுவல்ல. 2024-ல், பிரேசிலின் ரியோகிராண்டியா என்ற சைனோடான்டில் புதிய தாடை மூட்டு எதிர்பார்த்ததற்கு 1.7 கோடி ஆண்டுகள் முன்பே இருந்தது தெரியவந்தது. அதைவிட நமக்கு நெருங்கிய உறவான பிரேசிலோடானில் அது இல்லை. ஆக, இந்த மூட்டு ஒருமுறைக்கு மேல் தனித்தனியே வந்திருக்கிறது. ஒவ்வொரு விலங்கும் அன்றைய இரைக்கும் அன்றைய எதிரிக்கும் ஏற்றபடிதான் இருந்தது. நாளைய காதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

அன்றைய எதிரி யார் என்பதுதான் பெரிய மாற்றம். பேரழிவை அடுத்து வந்த டிரையாசிக் காலத்தின் பிற்பாதியில் ஊர்வனக் கிளை எழுந்தது. பகலும் பெரிய உடம்பும் டைனோசர்களுக்குப் போயின. போலந்தின் லிசோவிசியா என்ற யானையளவு டைசினோடான் போன்ற சில மட்டும் அந்த ஓட்டத்தில் கொஞ்ச தூரம் தாக்குப்பிடித்தன. சைனோடான்ட்கள் சிறுத்துக்கொண்டே போய் இரவுக்குள் ஒதுங்கின. இருட்டில் பூச்சி பிடிக்க உச்ச ஒலி கேட்கவேண்டும். சிறுத்த எலும்புகளே அதற்குத் தோது. பாலூட்டிகளின் முன்னோர் நால்வகை நிற உணரிகளில் இரண்டை இழந்ததையும் இந்த இரவு வாழ்க்கையோடுதான் இணைக்கிறார்கள். உங்கள் வீட்டு நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறியத் தெரியாததற்கு டைனோசர்கள்மேல் பழி போடலாம்.

வெப்ப ரத்தமும் இதே போக்கில் தவணை முறையில் வந்தது. உட்செவியின் அரைவட்டக் குழாய்களின் வடிவத்தைக்கொண்டு உடல்சூட்டைக் கணித்த 2022 ஆய்வு, சுமார் 23.3 கோடி ஆண்டுகளுக்கு முன் அது திடீரென ஏறியதாகச் சொன்னது. ஆனால் மார்கனுகோடானின் பல்வேர்களில் உள்ள ஆண்டு வளையங்களை எண்ணியவர்கள், அது பதினான்கு வயது வரை வாழ்ந்திருப்பதைக் கண்டார்கள். அந்த அளவுள்ள இன்றைய சுண்டெலி இரண்டு மூன்று ஆண்டு தாண்டுவது அரிது. வேகமாக எரிந்து சீக்கிரம் அணையும் நம் காலத்துச் சிறு பாலூட்டியின் உடம்பு அதற்கு இன்னும் வரவில்லை. பல்லியைப்போல நிதானமாகவே வாழ்ந்திருக்கிறது.

குட்டி வளர்ப்பும் அப்படியே. அமெரிக்காவின் அரிசோனாவில், சுமார் 18.5 கோடி ஆண்டுப் பழைய கல் ஒன்றில், கயென்டாதீரியம் என்ற சைனோடான்டின் தாயும் குறைந்தது 38 குஞ்சுகளும் ஒன்றாகக் கிடைத்த செய்தி 2018-ல் வந்தது. இன்றைய பாலூட்டி எதுவும் வழக்கமாக ஈனும் குட்டிகளைப்போல இரு மடங்குக்கும் மேல். குஞ்சுகளின் மண்டை பெரியவற்றின் மண்டையைச் சுருக்கிவைத்த வடிவம். தலை பெருத்து முகம் குட்டையான, நாம் கொஞ்சத் தூண்டும் குட்டி முகம் இல்லை. மூளை பெரிதாக, குட்டிகள் சிலவாக, தாய் நெடுநாள் பாலூட்ட என்ற ஏற்பாடு அதற்குப் பிறகு வந்தது.

கயென்டாதீரியத்தின் சொந்தங்கள் டிரைட்டிலோடான்ட் எனப்படும் தழையுண்ணிகள். பாலூட்டி வட்டத்துக்கு வெளியே நின்ற சினாப்சிட்களில் கடைசி வரை தாங்கியவை இவைதான். உண்மைப் பாலூட்டிகளில் தழையை அரைக்கும் பல் கொண்டவை பெருகியதும், போட்டி தாங்காமல் இவை ஒழிந்தன என்று பல காலம் சொல்லப்பட்டது. ஜப்பானின் இஷிகாவா மாகாணத்தில், குவாஜிமா என்ற இடத்து முற்காலக் கிரெட்டேசியஸ் பாறைகளிலிருந்து 250-க்கும் மேற்பட்ட டிரைட்டிலோடான்ட் பற்கள் சேர்க்கப்பட்டுள்ளன. 2016-ல் அந்த விலங்குக்கு மான்டிரிக்டஸ் என்று பெயரிட்டார்கள். அதன் பற்கள் கிடந்த அதே படிவுகளில், போட்டியாளர்கள் என்று சொல்லப்பட்ட பாலூட்டிகளின் பற்களும் கிடந்தன. இரண்டும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் பக்கம் பக்கமாக மேய்ந்திருக்கின்றன.